ஜெசிந்தா முன்னால் இருந்த இரண்டாவது கிளாஸ்

காலை ஏழே முக்கால் மணி. வார்டில் இரவு டியூட்டிக்காரர்களிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்ன ஜெசிந்தா, இன்னைக்கும் டிராபிக்கா?" என்றேன். பதில் சொன்னது ஓர் ஆண் குரல். "பெஹன், யே மேடம் உட் நஹீ ரஹீ ஹைன்" என்று இந்தியில் இரண்டு முறை சொன்னது. பேசியவர் அஜ்மானிலிருந்து துபாய்க்கு வரும் பஸ்ஸின் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் யார்தான் தூங்கமாட்டார்கள்?

மூளையில் ரத்தக்கசிவு, பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்து மூன்று.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவும், அவரைப் பற்றித் தப்பாக மட்டுமே கேள்விப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாவது வகையினர்தான் இப்போது அதிகம். அதற்குக் காரணம் நான். எங்கே, எப்படி என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். அதற்கு முன்பு அவர் யார் என்று தெரிய வேண்டும்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவருடையது. மீன்பிடிக்கிற குடும்பம். கணவர் குடித்தே செத்தார். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போனது. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போல் பாட்டில் வாங்கிக் கொடுக்க மைத்துனர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஜெசிந்தா வாசலில் நின்று, "இதாக்கும் இவரக் கொன்னது. இது எனக்க வீட்டுக்குள்ள வராது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மகனை ஊர் முன்னால் குடிகாரன் ஆக்கிவிட்டாள் என்று மாமியாருக்கு அன்று வந்த கோபம் பிறகு ஆறவே இல்லை. ஆனாலும் ஒன்பது வயது மகள் ஷாலினியை அந்த மாமியாரிடம்தான் விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியிருந்தது. வேறு ஆளில்லை.

துபாயில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் எலும்பு முறிவு வார்டின் இன்சார்ஜ். அஜ்மானில் வாடகை குறைவு என்று ஒரே பிளாட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துக்கொண்டோம். சமையல்கட்டு பொது. பத்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவர் என்னை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார். பேர் சொல்லுங்கள் என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. என் கணவர் சவூதியில், யான்புவில் வேலை பார்க்கிறார். பையன் பாளையங்கோட்டையில் மாமியார் வீட்டில். ஆக, இரண்டு பேருமே பிள்ளையைப் போனில் வளர்த்தவர்கள்.

வேலையில் அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஒரு முறை புதிதாக வந்த டாக்டர் ஒருவர் நோயாளிகள் முன்னால் அவரைத் திட்டினார். மாத்திரை மாறியதாகச் சொன்னார். மாற்றி எழுதியதே அந்த டாக்டர்தான். ஜெசிந்தா குறிப்பேட்டைத் திறந்து காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேஷன்ட் கேட்டுக்கிட்டு கெடக்காரு சிஸ்டர். டாக்டர் மேல நம்பிக்கை போச்சுன்னா அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்றார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி இருந்தால் ஊரில் எல்லோரும் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்று திட்டினேன். அரைக்கப்போவது நான் என்று அன்று தெரியாது.

போன வருடம் இடுப்பு எலும்பு உடைந்து ஓர் அமெரிக்க மூதாட்டி வந்தார். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் விழுந்துவிட்டார். அமெரிக்காவின் தெற்குப் பகுதிக்காரர். மிஸ் லோரெட்டா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு எதையும் தொடவில்லை. நான்கு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். ஜெசிந்தா உட்கார்ந்து, வீட்டில் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். மக்காச்சோளத்தை ரவையாக உடைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, வெண்ணெயும் மிளகும் போட்டுச் சாப்பிடுவோம் என்றாராம் மிஸ் லோரெட்டா. மறுநாள் டயட்டீஷியனிடம் அனுமதி வாங்கி, எங்கள் அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்கில் கொண்டுவந்துவிட்டார் ஜெசிந்தா. அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுதார். மூன்று வாரம் அந்தப் பிளாஸ்க் அஜ்மானிலிருந்து துபாய்க்குப் பஸ்ஸில் போய்வந்தது.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போன பிறகு அவருடைய மகன் ஒரு பரிசுச் சீட்டு அனுப்பினார். தன் ஊர்ச் சாப்பாடு கிடைக்கிற ஹோட்டலில் இரண்டு பேருக்கு விருந்து. ஜெசிந்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒரு கரண்டிகூடக் கிண்டியவள் இல்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் போனோம். கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர். மெனுவில் பிஸ்கட் என்று போட்டிருந்தது, வந்தது உதிர்கிற மாதிரி ஒரு பன். பொரித்த கோழியின் மேல் தேன் ஊற்றியிருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. கோழியைத் துடைத்துச் சாப்பிட்டார். பிறகு பெரிய தட்டில் அந்தச் சோளக்கஞ்சி, மேலே இறால் வைத்து வந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது நான் காய்ச்சுன கஞ்சியாக்கும்! இதுக்கா இவ்வளவு வெலை?" என்றார். ஓர் இறாலைக் கடித்துவிட்டு, "ஐஸ்ல ரொம்ப நாள் கெடந்தது" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

குடிப்பதற்கு அவர் பீச் பழம் போட்ட குளிர்ந்த டீ கேட்டார். நான் காக்டெயில் கேட்டேன். மது கலந்தது. கனமான குட்டைக் கிளாஸில் ஒரே பெரிய ஐஸ்கட்டி, ஓரத்தில் ஆரஞ்சுத் தோல். எனக்கு ஆசை, அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் சொன்னால் பொய். "எனக்கு அந்த மணம் ஒத்துக்காது சிஸ்டர். நீங்க குடிங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் இரண்டாவதும் வாங்கினேன்.

போட்டோ எடுக்க சர்வரிடம் என் போனைக் கொடுத்தேன். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் யாரையும் கேளுங்கள். போட்டோ என்றதும் முதலில் செய்கிற வேலை கிளாஸை நகர்த்துவது. ஊரில் பார்ப்பார்களே! கை தானாகப் போகும். நானும் நகர்த்தினேன். மேஜைக்குக் கீழே வைத்திருக்கலாம். ஜெசிந்தாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "குடிக்காதவளுக்கு என்ன பயம்? வைங்க" என்று சிரித்தார்.

என் பக்கத்தை மட்டும் வெட்டி நான் ஸ்டேட்டஸ் போட்டேன். முழுப் படத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் அதை அப்படியே மகளுக்கு அனுப்பினார். அம்மா பெரிய ஹோட்டலில் சாப்பிட்டேன், படிப்பு முடிந்ததும் நீ வா, உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தார். ஷாலினி அப்போது நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

படத்தை அவளுடைய சித்தப்பா பார்த்தார். பாட்டி பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்களின் குரூப்பில் சுற்றியது. "எனக்க மவன குடிகாரன்னு சொல்லி வாசல்ல நின்னவ, இப்ப ஓட்டல்ல ரெண்டு கிளாஸ் வச்சிக்கிட்டு இருக்கா" என்று பாட்டி பேசிய ஆடியோவை ஜெசிந்தாவே எனக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு நாளில் அஜ்மானில் எங்கள் ஜெபக்கூட்டம் வரைக்கும் வந்துவிட்டது. கூட்டத்தில் பாட்டுப் பாடுகிறவர் ஜெசிந்தா. அடுத்த வாரம் வேறொருவரைப் பாடச் சொன்னார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நானும் சேர்ந்து பாடினேன்.

என் கணவரின் குடும்பத்தில் மதுவை முகர்ந்தாலே பாவம். அவர் அடிக்கிறவர் இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். ஒரு முறை நான்கு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். அதற்குப் பயந்து, படம் சுற்றத் தொடங்கிய மறுநாளே சமையல்கட்டில் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெசிந்தா, ஒரு வாரம் பொறுங்க. நானே ஷாலினிட்ட பேசுதேன். அதுக்குள்ள எம் பேர மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஒங்களுக்க குடும்பம் கலங்கப்பிடாது. அவ எனக்க பிள்ளை. கொஞ்ச நாள்ல சரியாயிருவா."

அந்த ஒரு வாரம் ஏழு மாதம் ஆனது. கணவர் லீவில் வருகிறார் என்று ஒரு மாதம். பையனுக்குப் பரீட்சை என்று ஒரு மாதம். பிறகு சாக்கு தேடுவதையும் விட்டுவிட்டேன். ஷாலினி அம்மாவின் எண்ணைத் தடுத்துவைத்திருந்தாள். கல்லூரிக்குக் கூப்பிட்டாலும் வந்து பேசமாட்டாள். என் வீட்டுக்கு வரவேண்டிய மௌனம் அவர் வீட்டுக்குப் போனது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஒரே ஒரு தடவை கேட்டார். நான்காவது மாதம், வார்டில் வைத்து. "சிஸ்டர், ஷாலினிட்ட பேச நேரம் கெடச்சுதா?"

"இந்த ஆடிட் முடியட்டும் ஜெசிந்தா."

"சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி மருந்துகளைக் கொடுக்கப் போனார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்டு முழுக்க ரத்த அழுத்தம் பார்க்கிறவர்கள் நாங்கள்.

உடலைப் பதப்படுத்தும் இடத்தில் சேலை கட்டிவிட்டது நான்தான். காகிதங்களில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நெருங்கிய தோழி என்று எழுதிக்கொண்டார்கள். அதன் கீழேயும் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி கார்கோவில் ஏறிய அன்று யான்புவுக்குப் போன் செய்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. இனி மாதக்கணக்கில் இப்படித்தான் என்று நினைத்தேன். பிறகு கேட்டார். "இதுக்கா ஜெசிந்தாவ ஏழு மாசம் சாகடிச்ச? எங்கிட்டச் சொன்னா, நாலு ஏச்சு ஏசிட்டு விட்டுருப்பேன்லா."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷாலினியைக் கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். அந்தக் கிளாஸ் என்னுடையது, உன் அம்மா ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டதால் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அவள் அழவில்லை.

"அம்மா வாய மூடிக்கிட்டு இருக்கல ஆன்ட்டி" என்றாள். "படம் வந்து மூணாம் நாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன். 'நீங்க குடிச்சீங்களா?'ன்னு. இல்லன்னாங்க. 'அப்பம் அந்தக் கிளாஸ் யாருக்கு? ஒங்ககூட அந்த ஆன்ட்டி மட்டும்தான இருந்தாங்க?'ன்னு கேட்டேன்.  அதுக்கு, 'எனக்கது தான் மக்களே. ஒரு வாய் குடிச்சிப் பாத்தேன்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் நான் பேசல."

எனக்கு இது தெரியாது. ஜெசிந்தா சொல்லவில்லை. நான் கேட்டது மௌனம் மட்டும்தான். அவர் கொடுத்தது அதைவிடப் பெரியது.

"அம்மாவ நான் என்னவெல்லாம் ஏசினேன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றாள் ஷாலினி. "முப்பதாம் நாள் பூசைக்கு ஊரே வரும். நீங்க சொன்னத எழுதி அனுப்புங்க ஆன்ட்டி. ஒங்களுக்க பேரப் போட்டு எழுதுங்க. நான் வாசிக்கேன்."

ஜெசிந்தா, அதைத்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் கிளாஸ் உங்களுடையது இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில், படத்தைப் பார்த்தவர்களும் பார்க்காமலே பேசியவர்களும் உட்கார்ந்திருக்க, உங்கள் மகள் மைக்கின் முன்னால் நின்று இந்த வரியைத் தன் வாயால் சொல்லப்போகிறாள்: எங்கள் அம்மா குடிக்கவில்லை. அதைக் கேட்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். உங்களை அங்கே இல்லாமல் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. மன்னிப்புக் கேட்டால் "சரி சிஸ்டர்" என்பீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. போய்வாருங்கள்.

— கிரேஸ் தங்கம், அஜ்மான்