முன் பெஞ்சுக்காரருக்காக ஒரு மன்றாட்டு

என் அத்தானைக் கட்டிடச் சாரத்திலிருந்து தள்ளிவிட்டது புனித அந்தோனியார் என்று எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். தள்ளிவிட்டார் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அதற்கு மட்டும் அவருக்குப் புத்தி இருந்தது. நேர்ந்து பொருத்தனை வைத்துவிட்டு முறிக்கிறவனுக்குப் புனிதர் பாடம் கற்பிப்பார், அண்மையில் நம் பங்கிலேயே அதைக் கண்ணால் பார்த்தோம் என்றார். கோயில் முழுக்கத் தலையாட்டியது. அழுது வீங்கிய முகத்தோடு என் அக்கா அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவன்தான் நான். அதற்குப் பிறகு அவளை எத்தனையோ தடவை வண்டியில் கொண்டுபோய்க் கோயிலில் விட்டிருக்கிறேன், காத்திருந்து கூட்டி வந்திருக்கிறேன். உள்ளே போய் முழங்கால் போட்டதில்லை. அந்தச் சாமியாரும் செத்துப்போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தான் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கைசுத்தமான வேலைக்காரர், அதே அளவுக்குக் குடிகாரர். ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போனவர், வழியில் குடிக்க இறங்கி, பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்தில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மழையில் தெருத்தெருவாகத் தேடினோம். கடைசியில் ஒரு தையல்கடையில் துணி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க அத்தான் முழங்காலில் நின்று இனித் தொடமாட்டேன் என்றார். தொடவில்லை. நான் லாரி பட்டறையில் வேலை செய்கிறவன், சாயங்காலம் கொஞ்சம் போடுவேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கொறிப்பதை மட்டும் காலி பண்ணிவிட்டுப் போவார். அதுதான் என் சாட்சி.

அவர் விழுந்து செத்தது உளுத்துப்போன ஒரு சாரப்பலகையால். அதை மாற்றச் சொல்லி அன்று காலையிலேயே மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். மேஸ்திரியும் எங்கள் பங்குதான், கோயிலில் முன் பெஞ்சு. விசாரணைக்கு ஆள் வந்தபோது, பெயின்டர் குடித்துவிட்டு ஏறினார், வாயருகில் நாறியது என்று சொல்லிவிட்டார். பெயின்டர் மேல் பெயின்டில் கலக்கிற தின்னர் நாறாமல் பன்னீரா மணக்கும்? கூட நின்றவர்கள் வேலை போய்விடும் என்று தரையைப் பார்த்தார்கள். விசாரணையில் சொன்னதோடு விட்டாரா? துக்கம் கேட்க வந்தவர்களிடம் கோயில் வாசலில் நின்று, பாவம், பொருத்தனையைக் காப்பாத்த முடியலை என்று அதையே பரப்பினார். அங்கிருந்து சாமியார் காதுக்கு, சாமியார் காதிலிருந்து பிரசங்கத்துக்கு.

நான் பட்டறையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் காலை உடைச்சா, கால் உடைஞ்ச பாவம்னு எல்லாரும் அவனுக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போவாங்க. என் புருஷன் குடிகாரனாவே இருப்பான். அதை உள்ள வை."

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடிக்கிற வேலை. இரண்டு முன்கையிலும் பழைய சூட்டுத் தழும்பு. மடித்து மடித்து அதுவே குணமாகிவிட்டது. கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் பையைக்கூட மூலைக்கு மூலை சேர்த்து மடித்துத்தான் வைப்பாள். கோபத்தையும் அப்படித்தான் வைத்தாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை.

செவ்வாய் நவநாளில் ஒரு வழக்கம் உண்டு. அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா, செபம் முடியும் நேரத்தில் ஆளுக்கு ஆள் எழுந்து தாங்கள் தொலைத்ததைச் சொல்வார்கள். சாவிக்கொத்து, பாஸ்போர்ட், ஓடிப்போன நாய், சில சமயம் வேலை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சேர்ந்து, புனித அந்தோனியாரே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லும். அத்தானுக்கு நினைவுப் பூசை முடிந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, அக்கா எழுந்தாள். நான் கதவுக்கு வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். குரல் தெளிவாகக் கேட்டது.

"என் வீட்டுக்காரரோட நல்ல பேரு தொலைஞ்சு போச்சு. எடுத்தவரு முன் பெஞ்சுல இருக்காரு. அவரு அதைத் திருப்பித் தர்றதுக்கு மனசு வரணும்னு மன்றாடுவோம்."

தலைகள் முன் பெஞ்சுப் பக்கம் திரும்பின. ஆனால் மன்றாட்டு என்று வந்துவிட்டால் பதில் சொல்லியே பழகிய வாய்கள் அவை. புனித அந்தோனியாரே என்று கிழவி ஒருத்தி தொடங்க, மொத்தக் கோயிலும் தொடர்ந்தது. முன் பெஞ்சில் இருந்தவரும் சேர்ந்து சொன்னார். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் அதுவே ஒப்புதல் ஆகிவிடுமே.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் ஸ்பேனர் வெறும் இரும்பு.

அடுத்த செவ்வாயும் எழுந்தாள். அதற்கடுத்ததும். வார்த்தை மாறாது, குரல் ஏறாது. மேஸ்திரி முன் பெஞ்சை விட்டு நடுவில் போய் உட்கார்ந்தார். நடுப் பெஞ்சில் இருக்காரு என்றாள். தூணுக்குப் பின்னால் போனார். தூணுக்குப் பின்னால இருக்காரு என்றாள். முன் பெஞ்சில் பிறகு யாருமே உட்காரவில்லை. தெரியாமல் வந்து உட்கார்ந்த ஒரு வெளியூர்க்காரரைச் சனங்கள் ஏற இறங்கப் பார்த்ததில், மனுசன் செபம் முடியுமுன் எழுந்து போய்விட்டார். உங்க அக்கா அந்தோனியாருக்கே மேஸ்திரி ஆயிட்டாங்கடா என்று பட்டறையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமையாக இருந்தது.

ஒரு நாள் மெழுகுவர்த்தித் தட்டருகே மேஸ்திரியின் மனைவி அக்காவை மடக்கினாள். ஏன் இப்படி எங்க மானத்தை வாங்குறீங்க, அவரு ராத்திரி தூங்குறதே இல்லை என்று அழுதாள். அக்கா அவள் கையிலிருந்த திரியைத் தன் திரியில் பற்றவைத்துக் கொடுத்தாள்.

"செபம்தானே பண்றேன் தங்கச்சி. சாபமா விட்டேன்?"

மேஸ்திரியும் லேசான ஆள் இல்லை. கோயிலுக்கு வராமல் விட்டால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அதிகமாக வந்தார். சுரூபத்துக்குப் புது விளக்கு போட்டார், ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார். அந்தோனியார் சபைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது போட்டியில்லாமல் அவரே ஆனார். அவர் வாங்கிக் கொடுத்த அந்த ஒலிபெருக்கியில்தான் அக்கா அவருக்காக மன்றாடினாள். முன்பெல்லாம் கோயிலுக்குள் மட்டும் கேட்டது, அதற்குப் பிறகு தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது.

புதுச் சாமியார் ஒருவர் வந்தார். வயதில் சின்னவர், மரியாதைக்காரர். சபைத் தலைவர் அவர் அறையில் அடிக்கடி உட்கார்ந்து எழுந்ததன் பலனாக, இனி மன்றாட்டுகளை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனதுக்குள் வேண்டினால் போதும், ஆண்டவருக்குக் கேட்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்தச் செவ்வாய் நானே கதவருகில் நெருங்கி நின்றேன். மௌனமாக வேண்டுவோம் என்றார் சாமியார். கோயில் அடங்கியது. அக்கா எழுந்தாள். வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி இருந்த பக்கம் திரும்பி, அவரைப் பார்த்தபடி, அவள் வழக்கமாகச் சொல்லி முடிக்கிற நேரம் வரை நின்றாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மொத்தச் சனமும், வருஷக்கணக்கான பழக்கத்தில், சத்தமாகப் பதில் சொன்னது: புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சாமியாரும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கையால் வாயைத் தொட்டார்.

அந்த வாரமே மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆப்பிள் கையில். மத்தியான வேளை. நான் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா அவரை உட்காரச் சொன்னாள், தண்ணீரும் கொடுத்தாள். அவர் ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, அன்றைக்கு முதலாளி சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன், பலகையை மாற்றாதது என் தப்பு, என் பிள்ளைகள் அப்போது சின்னதுகள் என்றெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னார். எப்போதோ பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், பாவமன்னிப்பும் கிடைத்துவிட்டது என்றார்.

"ஆண்டவரே மன்னிச்சுட்டாரும்மா. நீங்க விட மாட்டேங்கறீங்க."

"அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ள விவகாரம். நான் குறுக்க வரலை" என்றாள் அக்கா. "பொய்யை எத்தனை பேர் முன்னால சொன்னீங்க? உண்மையைக் கூண்டுக்குள்ள கிசுகிசுத்துட்டு வந்தா எப்படி? செவ்வாய்க்கிழமை எந்திரிச்சு நின்னு, அவர் குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க பேரை நான் எடுத்தா, என்னைச் செருப்பால அடிங்க."

சபைத் தலைவராக இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்ல முடியும் என்றார். அப்படின்னா தலைவரா இல்லாமப் போய்ச் சொல்லுங்க என்றாள். அவர் எழுந்து போனார். ஆப்பிளை நான் வெளியே வீசப் போனேன். பழம் என்ன பண்ணிச்சு, வெட்டு என்றாள். இரண்டு பேரும் தின்றோம். நல்ல இனிப்பு.

அவர் சொல்லவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. சலவைக்கூடத்து நீராவி நெஞ்சில் இறங்கி, மூச்சுக்குத் திணற ஆரம்பித்த பிறகும் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போவாள். எழுந்து நிற்கும் தெம்பு போன பிறகு உட்கார்ந்தபடியே அவர் பக்கம் திரும்புவாள். பதில் மட்டும் தவறாமல் வந்தது.

அவள் அடக்கத்தன்று நான் கல்லறையில் கலாட்டா செய்துவிட்டேன் என்று சபையில் பேசுகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபையில் உறுப்பினர் இறந்தால், குழிக்குமேல் கயிற்றில் தாங்கிய பெட்டியை இறக்குமுன் தலைவர் நாலு வார்த்தை பேசுவார். பக்தியுள்ள தாய், செவ்வாய்க்கிழமை தவறாதவர் என்று மேஸ்திரி பேசினார். முடித்துவிட்டு இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் கயிற்றை விடவில்லை. மற்ற கயிறுகளைப் பிடித்திருந்தது என் பட்டறை ஆட்கள், அவர்களும் விடவில்லை. இன்னும் பாக்கி இருக்கு மேஸ்திரி என்றேன். சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். கயிறு உள்ளங்கையை அறுத்தது. எல்லார் கண்ணும் அவர் மேல். கடைசியில் வார்த்தை வந்தது.

"பெயின்டர் அன்னைக்குக் குடிக்கலை. பலகை உளுத்திருந்துச்சு. எனக்குத் தெரியும்."

செத்தவளின் பெட்டியை வைத்துப் பழி வாங்கினான் என்கிறார்கள். வாங்கினேன், வாங்கியதில் திருப்திதான். ஆனால் யோசனை என்னுடையது இல்லை, எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. ஆஸ்பத்திரியில், அவள் காலமெல்லாம் மடித்த அதே மாதிரி விரிப்பின்மேல் படுத்துக்கொண்டு, மூக்கிலிருந்த குழாயைத் தானே ஒதுக்கிவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டாள். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

"கயிறு நீதான் பிடிக்கணும், தம்பி. அவன் சொல்ற வரைக்கும் விடாதே. நான் கனமா இல்லை, தாங்குவே. சொன்னதும் மெதுவா இறக்கு. அவசரப்படாதே. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்து முடிக்கட்டும்."