குழிக்குள் கொள்ளும் ஈயம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அன்று அது கம்ப்யூட்டர் மேல் வந்தது.

தூத்துக்குடியில் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் நான் கம்ப்யூட்டரில் அச்சு வரைகிறேன். பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடிகள், கைப்பிடிகள் என்று சில்லறைச் சாமான்கள். என் அண்ணன் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடிக்குப் போவான். இறங்குவதற்கு இடுப்பில் கனம் வேண்டும். அதற்குப் பழைய இரும்புத் துண்டுகளை வாரில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். அந்த வாருக்குக் கொக்கி கிடையாது. குனிந்து சங்கு பொறுக்கும்போது கழன்றுவிடும் என்று முதுகுப் பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கிலோக் கணக்கும் கிடையாது. ஒருவனுக்கு ஆறு துண்டு, இன்னொருவனுக்கு ஏழு, அவ்வளவுதான்.

இரும்பு துருவேறி இடுப்பை அறுக்கிறது என்று அண்ணன் ஒரு துண்டோடு எங்கள் பட்டறைக்கே வந்தான்.

“ஈயத்துல ஊத்திக் குடுங்க அண்ணாச்சி. இதே அளவு இருக்கணும், கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்” என்று முதலாளியிடம் சொன்னான்.

நான் துண்டை அளந்து வரைந்தேன். மெஷின் அச்சை வெட்டியது. சாயங்காலமே அண்ணன் ஆறு ஈயக் குண்டுகளை ஊற்றி, ஆறியதும் பைக்கில் போட்டுக்கொண்டு போனான். ஈயம் கனமானது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் நீள அகலத்தைத்தான் பார்த்தோம்.

மறுநாள் காலையில், மற்ற ஆட்களுக்கும் வார்க்க எவ்வளவு ஈயம் வாங்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். சாஃப்ட்வேரில் அச்சின் குழியைத் தனி உருவமாக எடுத்து அதன் கனஅளவைக் கேட்டேன். பக்கத்திலேயே எடையும் வந்தது. ஒன்றரைக் கிலோ. அண்ணனின் இரும்புத் துண்டும் அதே எடைதான். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, பொருள் என்ற இடத்தில் ‘ஸ்டீல்’ என்று இருந்தது. அச்சுக்கட்டை ஸ்டீல் என்பதால் குழிக்கும் அதுவாகவே அப்படிப் போட்டிருக்கிறது. ஈயம் என்று மாற்றினேன். எடை இரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. சனியனே, இதை நேற்றே சொல்வதற்கென்ன என்று திரையைத் திட்டினேன்.

ஆறு குண்டுக்கு நாலு கிலோ கூடுதல். கீழே இருக்கும்போது காற்று நின்றுபோனால் அவன் தானாக மேலே வர வேண்டும். மேலே வள்ளத்தில் கயிறு இழுக்கிறவன் கவனிக்காத அந்தக் கொஞ்ச நேரம் போதும். முதுகில் இருக்கும் முடிச்சைத் தடவி அவிழ்ப்பதற்குள் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. விடாமல் போட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ கெளம்பு தாயி” என்றார்.

திரேஸ்புரம் கரையில் வெயிலில் நின்றேன். ஒவ்வொரு வள்ளம் வரும்போதும் தலைகளைப் பார்த்தேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோகிறது. சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டி அவர்களுடைய வள்ளம் வந்தது. முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னளா, இங்கன வந்து உக்காந்திருக்க?” என்று கேட்டான்.

எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“கனம்னு கட்டும்போதே தெரிஞ்சுதே. சும்மா சொல்லப்படாது, விறுவிறுன்னு தரையில கொண்டு விட்டுருது. நீரோட்டம் இழுத்தாலும் அசையல. இன்னைக்குத்தான் நெறைய சங்கு.”

“ரெண்டு குண்டைக் கழட்டிரு அண்ணே.”

“போளா. எப்பவும் ஆறுதான் கட்டுதேன்.”

“வாருக்குக் கொக்கியாவது போடு.”

“குனிஞ்சா அவுந்துரும்.” துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அருகில் வந்தான். “அடுத்த தடவ ஊத்தும்போது இன்னுங் கொஞ்சம் கனமாப் போட முடியுமான்னு பாரு. எல்லாரும் கேக்குதாவ.”

குழியின் ஆழத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், அரைமணி நேர வேலை. அச்சை வெட்டியாச்சு, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அவனிடம் சொன்னேன்.