அன்னாசித் தோலுக்கு வந்த மவுசு

பக்கத்தில் வந்து உட்காருங்கள், தள்ளி இருந்தால் பாதிக் கதைதான் காதில் விழும். அன்னாசி சீவுகிற வேலை இருக்கிறதே, அதில் இனிப்பெல்லாம் தகர டப்பாவுக்குப் போய்விடும், முள்ளும் எரிச்சலும் நம் விரலோடு தங்கிவிடும். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்குறைப்பென்று பேர் வெட்டிய வருஷம், நாங்கள் பதினோரு பொம்பளைகள் ஈப்போ பக்கம், குனோங் ராபாட் மலையடியில், ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வைத்திருந்த அன்னாசிக் கொட்டகையில் போய்ச் சேர்ந்தோம். இந்த வேலையும் போய்விடுமோ என்று நாளை எண்ணிக்கொண்டே பிழைப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்களும் நம்ம கூட்டம்தானே.

ஈக்கு வைத்த விருந்து

ஒரு பழத்தைச் சீவினால் பாதி டப்பாவுக்கு, பாதி குப்பைக்கு. தோல், கண், நடுத்தண்டு எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அந்தச் சாறு ஓடையில் இறங்கும். ஈ மொய்க்கிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கும். தீபாவளி முடிந்த வாரம் சுகாதாரத் தொரை வந்தார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற நம்ம ஆள் ஒரு கிராணியும் கூட வந்தார். தொரை மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்ன சேதி இதுதான்: சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குள் குவியல் காணாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு.

தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தோட்டத்து ஓரத்திலேயே வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். "நீங்க வேற இடம் பாருங்க லா" என்றார். எங்களுக்கு ஏது வேற இடம்? அப்போது எங்களில் ஒருத்தி, ராக்காயி, நாங்கள் ராக்கக்கா என்போம், அந்தக் குவியலில் இருந்து ஒரு தோலை எடுத்து மோந்து பார்த்தாள். நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். நான் முந்தானையால் மூக்கை மூடினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சலை, இது நாத்தம் இல்லடி, புளிப்பு. புளிப்பை எவளாச்சும் ஓடையில கொட்டுவாளா?"

கள்ளு வாசம்

மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். அன்றன்றைக்குச் சீவிய தோலைக் கழுவி, நறுக்கி, ஜாடியில் போட்டு, தண்ணீரும் கொஞ்சம் சீனியும் சேர்த்து, வாயில் துணி கட்டி வைத்தோம். புளித்துக் காடியாகிவிடும் என்பது ராக்கக்காவின் கணக்கு. நாலாம் நாள் நுரை கட்டியது. ஒரு வாரத்தில் ஜாடி பக்கம் போனால் கள்ளுக்கடை வாசம்! என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று பெண்சாதி மேல் பாசம் பொங்கி, தினமும் என்னை அழைத்துப் போகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். கூட்டாளிகள் நாலு பேரும் துணைக்கு.

ராக்கக்கா ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. "இன்னும் ஆகல, இன்னும் ஆகல" என்று நாளைக் கடத்தினாள். ஒரு மாதம் கழித்துத் துணியை அவிழ்த்து, பெரிய மனசு பண்ணி, ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மடக்கு. அஞ்சு முகமும் அஞ்சு கோணலாகப் போனது. அசல் காடி! என் வீட்டுக்காரர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யக்கா, மூணு வாரம் முந்தித் திறந்திருந்தா நீ தெய்வம்லா!"

ஓட்டுப்பால் ஊறுகாய்

அந்தக் காடியில் மாங்காயும் மிளகாயும் போட்டு ஊறுகாய் பண்ணினோம். ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹமீது மாமா ஒரு வாளி கேட்டிருந்தார். அவர் வாங்கினால் மற்ற கடைக்காரர்களும் வாங்குவார்கள், தோலும் குறையும். கொண்டு போக வாளிதான் இல்லை. இன்னும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் நாத்தனாரிடம் போய் அவள் பால் வாளியை வாங்கி, அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு ஆட்டு ஆட்டி, ஊறுகாயைக் கொட்டிவிட்டேன்.

ரப்பர் பாலில் புளிப்பு பட்டால் கட்டிக்கொள்ளும், அப்படிக் கட்டியதுதான் ஓட்டுப்பால். வருஷக்கணக்கில் தோட்டத்து ஸ்டோரில், பால் நிறுக்கிற இடத்தில், கண்ணால் பார்த்தவள்தான் நான். அடியில் தங்கியிருந்த பால் எனக்கு நினைவே வரவில்லை! வாளியை ஹமீது மாமா கடையில் இறக்கினோம். சாப்பிட வந்த ஒருவர் மாங்காய்த் துண்டைக் கடித்து இழுத்தார். அது ஒரு முழத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. விட்டார், டப்பென்று மீசையில் ஒட்டிக்கொண்டது. "ஏம்மா, ஊறுகா கேட்டா ஓட்டுப்பால் வச்சிருக்கீங்க, இதைத் திங்கவா, ஸ்டோர்ல கொண்டுபோய் நிறுக்கவா?" என்று அவர் கத்த, கடையே சிரித்தது. எனக்கு அழுகை. ராக்கக்காவோ அந்த இழையை விரலில் சுற்றிப் பார்த்துப் பூரித்துப் போனாள்: "பாலையே கட்டிருச்சு பாத்தியா! காடின்னா இது காடி!"

கையைத் தின்ற சாறு

ஹமீது மாமா முகம் கொடுக்கவில்லை. கிழட்டு ஆட்டுக்கறி வேகவில்லை என்று வேறு அன்றைக்குச் சமையல்காரரிடம் கடுகடுப்பு. ராக்கக்கா தன் பத்து விரலையும் அவர் முன்னால் விரித்தாள். அன்னாசிச் சாற்றில் தோல் உரிந்து, ரேகையே அழிந்துபோன விரல்கள். "மாமா, என் கையைத் தின்ன சாறு உங்க கிடாயை விட்டு வைக்குமா?"

பச்சைத் தோலை இடித்துப் பிழிந்து கொடுத்தோம். அரை மணி நேரம் புரட்டி வைத்தால் போதும் என்று சொல்லியும், அவர் விடிகாலையில் புரட்டி மத்தியானம் வரை வைத்துவிட்டார். நாங்கள் போனபோது கரண்டியும் கையுமாக நின்றார். "கறி எங்கம்மா போச்சு? எலும்பு மட்டும் நீந்துது!" மறுநாள் சொன்னபடி அரை மணி வைத்தார். பல் இல்லாத பெரியவர் ஒருவர் இரண்டாம் தட்டு கேட்டாராம். அன்று சாயந்திரமே ஹமீது மாமா சைக்கிளில் கொட்டகைக்கு வந்து இறங்கினார்: "தினம் ஒரு வாளி சாறு கொண்டாம்மா. பால் வாளி மட்டும் வேணாம்."

தவுக்கே குளித்த கதை

அப்புறம் என்ன! நடுத்தண்டைத் தவுக்கே சம்சாரம் பாகில் போட்டுப் பெருநாள் மிட்டாய் ஆக்கினாள். பிழிந்த சக்கையைத் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர்கள் பன்றிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். குவியல் போய்த் தரை தெரிந்தது! ஆனால் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, அவசரச் சரக்கென்று இரண்டு மடங்கு பழம் வந்து இறங்கியது. காலையிலேயே இடுப்பளவு தோல். எல்லா ஜாடியும் நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூரத்து மலை வளைவில் தொரையின் மோட்டார் சத்தம்.

"ஹாபிஸ்! தீர்ந்தது!" என்று தவுக்கே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராக்கக்கா குளியலறைக்கு ஓடினாள். அங்கே தவுக்கேயின் தேம்பாயன், ஆள் உயரத் தண்ணீர்ச் சால், பெருநாள் குளியலுக்கென்று நிரப்பி வைத்திருந்தது. பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றினாள். நாங்கள் வரிசையாக நின்று கூடை கூடையாய்க் கை மாற்றினோம். தோல் உள்ளே, சீனி உள்ளே, மேலே துணியால் வேடு கட்டியாச்சு! கடைசி முடிச்சைப் போடவும் தொரை உள்ளே வரவும் சரியாக இருந்தது. வேடு கட்டிய சாலைப் பார்த்தார், ஜாடிகளைப் பார்த்தார், சுத்தமான தரையைப் பார்த்தார். ராக்கக்கா ஒரு இலையில் ஊறுகாயை நீட்டினாள். தின்றார், சிவந்தார், இன்னொரு துண்டு எடுத்தார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்: "தொரை சொல்றாரு, பூட்டு வேணாமாம். ஒரு ஜாடி வேணுமாம்."

மோட்டார் போன பிறகுதான் தவுக்கே குளியலறையை எட்டிப் பார்த்தார். "ராக்கு! நான் எதுல லா குளிக்கிறது?" ராக்கக்கா தண்ணி மொள்ளுகிற கொட்டாங்கச்சியை அவர் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து, கொட்டகைக்கு அப்பால் ஓடுகிற ஆற்றுப் பக்கமாகத் திருப்பி விட்டாள்.

பதினோரு வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க, ஒரு தவுக்கே ஒரு மாதம் ஆற்றில் குளிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.