முறிந்த கிளைக்குச் சாட்சி

அந்தக் கிளையின் அடிமுனையில் பட்டை நார் நாராகத் தொங்கியது. அரிவாள் பட்டிருந்தால் அப்படித் தொங்காது.

தோழிகளே, இன்று காலை நீங்கள் எல்லாரும் பள்ளியில் இருந்த நேரம், மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் நாங்கள் அடுப்புக்குச் சருகு கூட்டிக்கொண்டிருந்தோம். விழுந்ததை எடுக்கலாம், மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

தோப்புக் காவல்காரர், எங்களோடு வந்திருந்த அஞ்சலையக்காவின் சருகுக்கட்டை அவிழ்த்து, அந்தக் கிளையை உருவினார்.

"பச்சக் கிளய வெட்டிக்கினு போறியா? வெள்ளக்காரன் போனதும் உங்களுக்கெல்லாம் குளிர் வுட்டுப்போச்சு!"

"ஐயோ, காத்துல வுழுந்தது நைனா."

"யாரு பாத்தா? இனிமே தோப்புப் பக்கமே வராத!" என்று கட்டை எட்டி உதைத்தார். சருகு சிதறியது.

அந்தக் கிளை விழுந்து கிடந்ததை நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோம். பக்கத்தில் நின்ற பெரியம்மா என் காதில், "நமக்கு இன்னாத்துக்கு வம்பு? கம்முனு கெட" என்றார்.

நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியும்.

"நான் பாத்தேன். அது முறிஞ்ச கிளை. அக்கா வெட்டல" என்றேன்.

"ஓகோ, சாட்சியா? நாளைலேந்து நீயும் வராத!"

ஊமை என்று பெயரெடுத்தவள் வாய் திறந்த அன்றே எங்கள் வீட்டு அடுப்புக்கு வழியில்லாமல் போயிற்று. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? யோசனை இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

காவல்காரர் அப்படிச் சொன்னதும் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து, அக்காவோடு சேர்ந்து சருகை அள்ளத் தொடங்கினேன்.