செடிக்கு மேல் தெரிந்த தோள்

தேயிலைக் காட்டில் தமுக்குச் சத்தம். "சின்னப் புள்ளைகள எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். சர்க்கார் உத்தரவு!"

எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் வாசனை எனக்கு எங்கிருந்தோ வந்தது. நான் சின்னவளாய் இருந்த நாளில், இந்தச் சின்னக்கானல் தோட்டத்தில் செடிக்கு மேல் தோள் தெரிந்த பிள்ளை கொழுந்து பறிக்கப் போக வேண்டும். அதனால் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அம்மா, "குனிஞ்சு போ தாயி, கங்காணி பாத்துருவாரு" என்பாள். கூன் போட்டே நடந்தேன். ஒருநாள் வாத்தியார், "நல்லாப் படிக்கிறியே" என்றார். அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தபடியே வீடு திரும்பினேன். கங்காணி பார்த்துவிட்டார். மறுநாள் என் தலையில் கூடைக்கயிறு ஏறியது.

தமுக்குச் சத்தத்துக்கு, என் பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். அவள் தோள் செடிக்கு மேல் நன்றாகவே தெரிந்தது. அவள் கூலியும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தமுக்கடிப்பவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"குனிஞ்சு நில்லு தாயி" என்றேன்.