குனிந்த நேரத்தில் விட்ட கை

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்துக் காலை ஒன்றில் நடந்தது இது. அப்போது நாங்கள் ரொறன்ரோ நகரின் நடுவே, சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில், ஓர் உயரமான அடுக்குமாடியில் குடியிருந்தோம். எனக்குப் பின்னேர வேலை என்பதால், முதலாம் வகுப்பில் படித்த மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது என் பொறுப்பு.

எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு நாய் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்ததும், பிறகு தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளும் இன்னும் மறக்கவில்லை. எலிவேற்றர் கதவு திறக்கும்போது உள்ளே ஒரு நாய் நின்றால், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவனைப்போல சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிடுவேன். மகளுக்கு அந்தப் பயம் இல்லை. என்னிடமிருந்து அது அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதில் மட்டும் மிகவும் கவனமாக இருந்தேன்.

ஊரில் நாய்க்கென்று எங்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. நாய் கிட்ட வந்தால் ஓடக் கூடாது, குனிய வேண்டும். நிலத்தில் கல் கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் பரவாயில்லை. கை கீழே போவதைக் கண்டாலே எந்தத் தெருநாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். அது பலிக்காமல் போய் நான் பார்த்ததே இல்லை.

முந்தின இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. மகளின் கையைப் பிடித்தபடி, கட்டடங்களுக்கு நடுவில் உள்ள சின்னப் பூங்காவைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பழுப்பு நிறத்தில் பெரிய நாய் ஒன்று கழுத்தில் வாரில்லாமல் எங்களை நோக்கி ஓடி வந்தது. தூரத்தில், கையில் வாரைப் பிடித்தபடி, ஒரு இளம் தமிழ்ப் பெண்.

"அங்கிள், ஹீ இஸ் ஃப்ரெண்ட்லி. ஒண்டும் செய்ய மாட்டான்."

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் உடம்பு அதைக் கேட்கவில்லை. நான் குனிந்தேன். நாய் ஓடுவதற்குப் பதிலாக இன்னும் வேகமாக வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரியாகக் குனியவில்லையோ என்று நினைத்து இன்னும் தாழக் குனிந்து, கல்லுக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட பனியை உருட்டி எறிந்தேன். நாய் பாய்ந்து அதை வாயில் பிடித்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி பிடித்துக்கொண்டு இன்னும் கிட்ட வந்தது. எறிய எறிய நெருங்கி வரும் நாயை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு கைகளிலும் பனி இருந்தது. மகளின் கை இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் பயந்து அழுதுகொண்டு தெருவுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு வான் வண்டி பனியில் சறுக்கி, அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். நாயும் பின்னாலேயே வந்து, எங்கள் முன் உட்கார்ந்து, அடுத்த பனி உருண்டைக்காக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஓடி வந்து வாரை மாட்டினாள். நான் கேட்டேன்.

"பிள்ளை, உந்த நாயை ஏன் அவிட்டு விட்டனீர்?"

"விடியக் காலமை ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சன். சொறி அங்கிள், என்ர பிழைதான். நீங்கள் குனிஞ்சோடன பந்து எறியப் போறீங்கள் எண்டு நினைச்சிட்டான். அவனோட நாங்கள் அப்பிடித்தான் விளையாடுறனாங்கள்."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வார் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால், வா வா என்று விளையாடக் கூப்பிட்டது நான்தானே என்றும் தோன்றியது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அப்போது என் தோளில் கிடந்த மகள் விம்மிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஏன் என்ர கையை விட்டனீங்கள்?"

அவளை இறக்கிவிடாமல் பள்ளிக்கூடம் வரை தூக்கிக்கொண்டே போனேன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "அந்தப் பிள்ளை நாய்க்கு வாரைப் போடட்டும். உங்களுக்கு என்னத்தைப் போடுறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் நாயை ஒருநாளும் அவிழ்த்து விடவில்லை. எங்களைக் கண்டால் வாரைக் குறுக்கிப் பிடித்து, பாதையை விட்டு இறங்கி, முழங்கால் அளவு பனியில் நின்று நாங்கள் போகும்வரை காத்திருப்பாள். நான் தலையசைத்துவிட்டுப் போவேன். ஆனாலும் மகள் என் பின்னால் ஒதுங்குவாள். அவளுக்கு இப்போது நாய் பயம். அதை அந்த நாய் கொடுத்ததா, நான் கொடுத்தேனா என்று யோசித்து யோசித்துக் குழம்புகிறேன்.

அன்று பிழை யாருடையது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் எதிரே நாய் வரும்போதெல்லாம் கல்லைத் தேடிக் கீழே போகப் பார்க்கும் என் கையை, அதற்குள் இருக்கும் அவளுடைய சின்னக் கைதான் இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது.