ஏறும் நாளில் டீ கிடையாது

என் அண்ணி கிரேன் ஓட்டுகிறார். தரையில் உருண்டு போகிற கிரேன் இல்லை. பல மாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போமே, அது. காலையில் ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மேலே கழிப்பறை கிடையாது. அதனால் ஏறும் நாளில் டீயைத் தொடமாட்டார். இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் மதியம் வரை தாங்குகிற மாதிரி வயிறு நிறைய வேண்டும்.

அதற்குப் பொறுப்பு என் அண்ணன். அண்ணியை ‘அவர்’ என்பேன். இவனுக்கு அந்த மரியாதை கிடையாது, கூடப் பிறந்தவன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஒரு பஞ்சர் ஒட்ட அரை நாள் எடுத்துக்கொள்கிற மகராசன், அடுப்படியில் மட்டும் பறப்பான். முதல் நாளே அவித்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்து வெண்ணெயில் போடுவான். கொஞ்சநஞ்ச வெண்ணெய் இல்லை. வாய் திறந்தால், “நீயா ஏணி ஏறப்போற?” என்பான். வெங்காயம், பச்சை மிளகாய், ஓரம் முறுகியதும் மூன்று முட்டை. அதை சீஸோடு ரொட்டிக்கு நடுவே வைத்து, மறுபடி சட்டியில் போட்டு, அதன் தலையில் கொதித்த கெட்டிலைத் தூக்கி வைப்பான். ரொட்டி நசுங்கி, சீஸ் உருகி ஓரத்தில் வழியும். பிறகு அந்தத் தண்ணீரிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் டீ. இதை ஏதோ இவன்தான் கண்டுபிடித்த மாதிரி தினமும் ஒரு பீற்றல் வேறு.

கிரேன்காரர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள். அத்தனை உயரத்தில் காற்றில் ஆடுகிற பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற மனுஷிக்கு, உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான். கொஞ்ச நாளாக அவருக்கு இடது கண்ணில் மங்கல். எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். யாரும் பேச்செடுக்கவில்லை.

இந்த வருடப் பரிசோதனை நேற்று. வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டார், துணி மடித்தார், படுத்துவிட்டார். அண்ணன் என்னை முழங்கையால் இடித்தான்.

“நீ கேளேன்.”

“உன் பொண்டாட்டி. நீ கேளு.”

கடைசியில் இரண்டு பேருமே கேட்கவில்லை.

இன்று காலை அண்ணி வேலைக்குப் போகும் பூட்ஸோடு வந்து உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அண்ணனும் பார்த்துவிட்டான் போல. சந்தோஷத்தில் இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினான். கெட்டிலை வைத்தான், ரொட்டி உஸ்ஸென்றது, தட்டில் எடுத்துப் போட்டான். அண்ணி பாதி சாப்பிட்டார். அண்ணன் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணி தன் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

“நீ ஏறணுமே?” என்றான், மடையன்.

“இனிமே ஏற வேண்டாமாம். கீழ ஸ்டோர்ல பொருள் எடுத்துக் கொடுக்கிற வேலை.” மிச்ச ரொட்டியைக் கையில் எடுத்தார். “என்ன பாக்குறீங்க? ஸ்டோருக்குப் போறவளுக்குப் பசிக்காதா? நாளைக்கும் இதேதான் வேணும்.”

எனக்கு அந்தக் கண் டாக்டரைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம் போலிருந்தது, பாவம் அவர் என்ன செய்வார். அண்ணி கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ரொட்டியை மென்றுகொண்டே இருந்தார்.

அண்ணன் டீயை ஊற்றினான். சர்க்கரை டப்பாவைத் திறந்தவன், கரண்டியோடு நின்றுவிட்டான். லீவு நாளில் டீ போடுவது எப்போதும் அண்ணிதான்.

“உனக்கு எத்தனை கரண்டி?” என்று கேட்டான்.

“ஒண்ணரை” என்று சொல்வதற்குள் அண்ணி அழுதுவிட்டார்.